ஏடிஸ் கொசுப்புழுக் கணக்கெடுப்பு: எண்ணும் முறையும் எண்ணியபின் செய்ய வேண்டியதும்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி சாக்கடையில் வளரும் கொசு அல்ல. நாம் குடிக்கவும் புழங்கவும் பிடித்து வைக்கும் தண்ணீரிலும், மழை பெய்து கொட்டாங்கச்சியிலும் டயரிலும் தேங்கும் தண்ணீரிலும் வளர்கிறது. அதனால் ஒரு தெருவில் இந்தக் கொசு எவ்வளவு இருக்கிறது என்று அறிய, வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் பாத்திரமாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பார்ப்பது பல இடங்களில் நடக்கிறது. ஆனால் கடைசியில் பதிவேட்டில் ஒரு சதவீதம் மட்டும் ஏறுகிறது. எந்த வகைப் பாத்திரத்திலிருந்து கொசு பறந்து வெளியேறுகிறது என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது. கீழே உள்ள முறை அந்தக் கேள்விக்கு விடை தருவதற்காக அமைந்தது. ஊராட்சி, பேரூராட்சி அளவில் ஒரு சிறு குழு செய்யக்கூடியது. கல்லூரி விலங்கியல் துறை மாணவர்களும் செய்யலாம்.

எடுத்துப் போக வேண்டியவை

நல்ல டார்ச் லைட் ஒன்று. மங்கலான டார்ச்சோடு போனால் பாதிப் புழு கண்ணில் படாது. வெள்ளை நிற பிளாஸ்டிக் அல்லது எனாமல் தட்டு, நீளமான பிடியுள்ள வெள்ளைக் கரண்டி, டீ வடிகட்டி, வாய் அகன்ற பிளாஸ்டிக் பிப்பெட் (முனையைச் சற்று வெட்டிவிட்டால் பெரிய புழு நசுங்காமல் ஏறும்), மூடியுள்ள சிறு குப்பிகள், 80 சதவீத ஆல்கஹால், 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பென்சில், படிவம். சிமெண்ட் தொட்டிகளுக்கு நுண்ணிய வலை கட்டிய கைவலை ஒன்று வேண்டும். பேனா வேண்டாம். குப்பிக்குள் போடும் சீட்டில் பேனாவால் எழுதினால் ஆல்கஹாலில் மை கரைந்து, எந்த வீட்டுப் புழு எது என்றே தெரியாமல் போகும்.

படிவத்தில் இருக்க வேண்டிய கட்டங்கள்: வீட்டு எண், வீட்டில் வசிப்போர் எண்ணிக்கை, தண்ணீருள்ள ஒவ்வொரு கலனின் வகை, கொள்ளளவு, வீட்டுக்குள்ளா வெளியிலா, மூடியிருந்ததா, புழு உண்டா, கூட்டுப்புழு (புழு கொசுவாக மாறும் முன் உள்ள கடைசிப் பருவம்) எத்தனை. வசிப்போர் எண்ணிக்கையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பின்னால் அது கட்டாயம் தேவைப்படும்.

எத்தனை வீடு, எந்த வீடு

எல்லா வீட்டையும் பார்க்க ஆள் இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் மாதிரி எடுக்க வேண்டும். புழுவுள்ள வீடுகள் உண்மையில் 5 சதவீதம் இருக்கும் பகுதியில், அதில் ஒன்றையாவது 95 சதவீத உறுதியோடு கண்டுபிடிக்க 59 வீடு பார்த்தால் போதும். 2 சதவீதம்தான் இருக்கும் என்றால் 149 வீடு. 1 சதவீதம் என்றால் 298 வீடு. கொசு குறையக் குறைய அதிக வீடு பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 50 வீடு பார்த்துவிட்டு "இங்கே புழுவே இல்லை" என்று எழுதினால் அதற்குப் பெரிய மதிப்பில்லை.

தேர்வு வரிசைப்படி நடக்கட்டும். 600 வீடுள்ள வார்டில் 150 வேண்டுமென்றால் நான்கு வீட்டுக்கு ஒன்று. முதல் வீட்டை மட்டும் சீட்டுக் குலுக்கி எடுங்கள். நாய் இல்லாத வீடு, பழக்கமான வீடு, தெருமுனை வீடு என்று வசதிப்படி போனால் முடிவு கோணலாகிவிடும். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டைச் சேர்ப்பதும் அதே கோளாறுதான். காலையில் பூட்டிக் கிடப்பவை கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள். அங்கே தண்ணீர் சேமிக்கும் பழக்கமே வேறாக இருக்கும். பூட்டிய வீட்டைக் குறித்து வைத்து, மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ திரும்பப் போங்கள். பூட்டிய வீடும் உள்ளே விடாத வீடும் சேர்ந்து பத்தில் ஒன்றைத் தாண்டினால் அதை அறிக்கையில் தனியாகச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடம், கட்டட வேலை நடக்கும் இடம், பஞ்சர் கடை, பழைய இரும்புக் கடை, காவல் நிலையத்தில் பிடித்து வைத்த வண்டிகள் நிற்கும் இடம் ஆகியவற்றை வீட்டு மாதிரியோடு கலக்கக் கூடாது. தனிப் பட்டியல் போட்டு எல்லாவற்றையும் பாருங்கள். ஏடிஸ் பெரும்பாலும் தான் வெளிவந்த இடத்திலிருந்து 100 முதல் 200 மீட்டருக்குள் வாழ்ந்து முடித்துவிடும். ஆகவே ஒரே ஒரு டயர் குவியல் ஒரு தெருவுக்கு மட்டும் காய்ச்சல் கொடுக்க முடியும். வார்டு சராசரியில் அது தெரியாது.

வீட்டுக்குள் பார்க்கும் முறை

எந்த வீட்டிலும் ஒரே வரிசையைக் கடைப்பிடியுங்கள்: வாசல், வலப்பக்கம், பின்கட்டு, இடப்பக்கம், பிறகு உள்ளே, கடைசியில் மொட்டை மாடி. வரிசை மாறினால் ஏதோ ஒன்று விடுபடும். பெரும்பாலும் அது மாடியாக இருக்கும்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் முதலிடம் பெறுபவை திறந்த சிமெண்ட் தொட்டி, 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், அண்டா, மண்பானை. வாரம் ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ குழாய்த் தண்ணீர் வரும் ஊர்களில் இவை ஒருநாளும் முழுதாகக் காலியாவதில்லை. 2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு உறுதியாகி 66 பேர் இறந்தார்கள்; அப்போது திருநெல்வேலி மாவட்டத்தின் கடையநல்லூர்ப் பக்கம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. தண்ணீர்த் தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் டெங்கு வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தட்டுப்பாடுதான் வீட்டுக்குள் தொட்டியைக் கொண்டுவருகிறது.

இவற்றுக்குப் பிறகு, கண்ணுக்கு எளிதில் படாதவை: ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு, ஏர்கூலர் அடித்தட்டு, புழங்காத கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டி, பூந்தொட்டிக்குக் கீழே உள்ள தட்டு, பின்கட்டில் போட்ட ஆட்டுக்கல், உரல், மணிபிளாண்ட் பாட்டில், மாடியில் மூடி உடைந்த சின்டெக்ஸ், சன்ஷேடில் தேங்கும் நீர், லிஃப்ட் குழி. கன்னியாகுமரி ரப்பர் தோட்டங்களில் பால் வடியும் சிரட்டைகளைக் கவிழ்க்காமல் விட்டால் அவற்றில் டெங்குவைப் பரப்பும் இன்னொரு ஏடிஸ் இனமான ஏடிஸ் அல்போபிக்டஸ் பெருகும். மரப்பொந்தையும் விடாதீர்கள்.

கலனை நெருங்கும்போது உங்கள் நிழல் தண்ணீரின்மேல் விழக்கூடாது. நிழலோ அதிர்வோ பட்டதும் புழுக்கள் அடிக்குப் போய்விடும். முதலில் தொடாமல், டார்ச்சைச் சாய்வாக அடித்து மேற்பரப்பைப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். மூச்சு வாங்க அவை மேலே வந்தே தீரும். சிறிய கலனானால் தண்ணீரை அப்படியே வடிகட்டியில் ஊற்றி, வடிகட்டியை வெள்ளைத் தட்டில் கவிழ்த்துக் கொஞ்சம் தெளிந்த நீர் விட்டு எண்ணலாம். குடிதண்ணீர்ப் பாத்திரத்தில் உங்கள் கரண்டியை விடும் முன் வீட்டாரிடம் கேளுங்கள். கேட்காமல் விட்டால் அடுத்த முறை அந்த வீட்டுக் கதவு திறக்காது.

தண்ணீர் இல்லாத கலனை எண்ண வேண்டாம். பின்னால் வரும் கலன் குறியீட்டுக்குத் தண்ணீருள்ளவை மட்டுமே கணக்கு. ஆனால் மழை வந்தால் நிரம்பக்கூடியவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கறுப்பு முட்டை. தண்ணீர் வற்றினாலும் அவை பல மாதங்கள் உயிரோடு காய்ந்து கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். "தொட்டியைக் காலி செய்துவிட்டோம்" என்பது பாதி வேலைதான். தேய்த்துக் கழுவினால்தான் முழு வேலை.

எந்தப் புழு என்று பார்ப்பது

களத்திலேயே மூன்று இனத்தையும் பிரித்துவிடலாம். அனாஃபிலிஸ் புழுவுக்கு மூச்சுக்குழல் கிடையாது. நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். க்யூலெக்ஸ் புழுவுக்கு நீண்டு மெலிந்த மூச்சுக்குழல். தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். ஏடிஸுக்குக் குட்டையான, தடித்த, கருத்த குழல். ஏறக்குறைய செங்குத்தாகத் தொங்கும். டார்ச் வெளிச்சம் பட்டதும் பாம்பு போல நெளிந்து அடிக்கு ஓடும். கைலென்ஸில் பார்த்தால் ஏடிஸ் குழலில் ஒரே ஒரு ஜோடி மயிர்க்குச்சம், க்யூலெக்ஸில் பல.

ஈஜிப்டியா அல்போபிக்டஸா என்பதற்கு நுண்ணோக்கி வேண்டும். நான்காம், அதாவது கடைசிப் பருவப் புழுவின் எட்டாம் வயிற்றுக் கணுவில் ஒரே வரிசையில் சீப்புப் பற்கள் போன்ற செதில்கள் இருக்கும். ஒவ்வொரு பல்லின் நடு முள்ளுக்கு இருபுறமும் திடமான பக்க முட்கள் இருந்தால் ஈஜிப்டி. நடு முள் மட்டும் நீண்டு, பக்கத்தில் மெல்லிய ஓரமயிர்கள் மட்டும் இருந்தால் அல்போபிக்டஸ். சந்தேகமிருந்தால் வளர்த்துப் பாருங்கள். நெஞ்சின் முதுகுப்புறத்தில் யாழ் வடிவ வெள்ளைக் கோடு இருப்பது ஈஜிப்டி. நடுவில் நேராக ஒரே வெள்ளைக் கோடு ஓடுவது அல்போபிக்டஸ்.

வளர்க்க, கொண்டுவந்த தண்ணீரிலேயே புழுவை விட்டு, நாய் பிஸ்கட்டையும் ஈஸ்ட்டையும் 3:2 அளவில் பொடித்து ஒரு சிட்டிகை தூவுங்கள். அள்ளிப் போட்டால் மேலே ஆடை படிந்து புழுக்கள் மூச்சுமுட்டிச் சாகும்; ஆரம்பக்காரர்களின் புழு சாவதற்குப் பெரும்பாலும் பட்டினி காரணமில்லை, இதுதான் காரணம். கூட்டுப்புழுவானதும் வலை கட்டிய கிண்ணத்துக்கு மாற்றுங்கள். நம் வெயிலில் இரண்டு நாளில் கொசு வந்துவிடும். பாதுகாத்து வைக்க வேண்டிய புழுவை முதலில் 60 டிகிரிச் சூட்டு நீரில் கொன்று, பிறகு ஆல்கஹாலில் போடுங்கள். நேரே ஆல்கஹாலில் போட்டால் சுருங்கிக் கறுத்துவிடும்.

குறியீடுகள்

மூன்று பழைய குறியீடுகள் உண்டு. பார்த்த வீடுகளில் புழுவுள்ள வீடுகளின் சதவீதம் வீட்டுக் குறியீடு. தண்ணீருள்ள கலன்களில் புழுவுள்ளவற்றின் சதவீதம் கலன் குறியீடு. நூறு வீட்டுக்கு எத்தனை புழுவுள்ள கலன் என்பது பிரெட்டோ குறியீடு. களத்தில் இவற்றை ஹெச்.ஐ., சி.ஐ., பி.ஐ. என்றே சொல்வார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். 100 வீடு பார்த்தீர்கள், 12 வீட்டில் புழு. தண்ணீருள்ள கலன்கள் 340, புழுவுள்ளவை 18. வீட்டுக் குறியீடு 12. கலன் குறியீடு 5.3. பிரெட்டோ குறியீடு 18. வீட்டுக் குறியீடு 5ஐயோ பிரெட்டோ குறியீடு 20ஐயோ தாண்டினால் அந்தப் பகுதி டெங்குவுக்கு இடம் கொடுக்கக்கூடியது என்று வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள்.

இந்த எல்லைகளை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக் குறியீடு, கலன் குறியீடு இரண்டும் 1923இலும் பிரெட்டோ குறியீடு 1954இலும் வந்தவை. எல்லாம் மஞ்சள் காய்ச்சலுக்காகச் செய்யப்பட்டவை. சிங்கப்பூரில் 1980களிலிருந்தே வீட்டுக் குறியீடு 2 சதவீத அளவில் இருந்தது. ஆனாலும் 2005இல் அங்கே 14,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத மக்கள் கூடுதலாக இருக்கும் இடத்தில் மிகக் குறைந்த கொசுவே போதும். குறியீடு 4 என்று வந்ததும் நிம்மதியாகப் பதிவேட்டை மூடிவைக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. ஒரு கொட்டாங்கச்சியில் மூன்று புழு இருந்தாலும் அது ஒரு கலன். சிமெண்ட் தொட்டியில் முந்நூறு இருந்தாலும் அதுவும் ஒரே கலன். இரண்டையும் ஒன்றாக எண்ணும் குறியீட்டை வைத்துக்கொண்டு எங்கே கைவைப்பது என்று முடிவெடுக்க முடியாது.

கூட்டுப்புழுவை எண்ணுங்கள்

இந்த வேலையில் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். புழுக்களில் பெரும்பகுதி பசியிலும் நெரிசலிலும் செத்துவிடும். கூட்டுப்புழுவான பிறகு அப்படிச் சாவது குறைவு. ஆகவே இன்றைய கூட்டுப்புழு எண்ணிக்கை நாளை மறுநாள் பறக்கப்போகும் கொசு எண்ணிக்கைக்கு மிக நெருக்கமானது. கூட்டுப்புழு கமா வடிவில், பெரிய தலையோடு, உணவு உண்ணாமல் மேலே மிதந்து, தொட்டால் குட்டிக்கரணம் போட்டு மூழ்கும். புழுவோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை.

சிறிய கலன்களில் ஒன்றுவிடாமல் எண்ணிவிடுங்கள். 500, 1,000 லிட்டர் தொட்டிகளில் அது நடக்காது. அங்கே கைவலையால் ஓரத்தை ஒட்டி மேற்பரப்பை ஒரு முழுச் சுற்று வாருங்கள், பிறகு நடுவில் குறுக்காக ஒருமுறை. எல்லாத் தொட்டியிலும் ஒரே வேகம், ஒரே முறை. கிடைத்ததை ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும்.

அந்தப் பெருக்கெண்ணை நீங்களே கண்டுபிடிப்பதுதான் நல்லது. வழக்கமான அளவுள்ள ஒரு தொட்டியைச் சுத்தமாகக் கழுவி நிரப்பி, எண்ணிவைத்த 100 கூட்டுப்புழுக்களை விடுங்கள். பத்து நிமிடம் பொறுத்து, களத்தில் செய்வது போலவே ஒருமுறை வலை வீசி எத்தனை வருகிறது என்று பாருங்கள். 40 வந்தால் பெருக்கெண் 2.5. எடுத்ததைத் திரும்ப விட்டு ஐந்தாறு முறை செய்து சராசரி எடுங்கள். மூன்றில் ஒரு பங்கு நீர், மூன்றில் இரண்டு பங்கு, முழுத் தொட்டி என்று தனித்தனியாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஆழம் கூடக்கூட வலையில் வருவது குறையும். வலை வீசும் ஆள் மாறினால் எண்ணும் மாறும். தொட்டியின்மேல் கொசுவலை கட்டி வைத்து, முடிந்ததும் எல்லாவற்றையும் வடிகட்டி அழித்துவிடுங்கள்; இல்லையென்றால் நீங்களே தெருவுக்கு நூறு கொசுவைக் கொடுத்ததாக ஆகும்.

மேலே சொன்ன 18 கலன்களில் ஆறில்தான் கூட்டுப்புழு, மொத்தம் 210 என்று வைத்துக்கொள்வோம். அதில் 160 மூன்று சிமெண்ட் தொட்டிகளிலிருந்து. அந்த 100 வீட்டில் 420 பேர் வசிக்கிறார்கள் என்றால் ஆளுக்கு 0.5 கூட்டுப்புழு. டெங்கு பரவ ஆளுக்கு எத்தனை வேண்டும் என்பது வெப்பநிலையையும் மக்களின் எதிர்ப்பாற்றலையும் பொறுத்தது. கொசு ஆய்வாளர் ஃபாக்ஸ் குழுவினர் 2000இல் வெளியிட்ட கணிப்பில் வெப்பமண்டல ஊர்களுக்கு அது ஏறத்தாழ 0.5 முதல் 1.5 வரை வந்தது. நமக்கு வேண்டிய செய்தி இன்னொன்று: கொசுவில் முக்கால் பங்கு மூன்று தொட்டியிலிருந்து வருகிறது. ஒரு வாரம் கொட்டாங்கச்சி பொறுக்கி ஊர்வலம் விட்டாலும் அந்த மூன்று தொட்டிக்கு மூடி போடாவிட்டால் காய்ச்சல் குறையாது.

எல்லா ஊரிலும் சிமெண்ட் தொட்டிதான் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் சேமிப்புக் கலன்கள் முன்னே நிற்கும்; அக்டோபருக்குப் பிறகு டயரும் உடைந்த பிளாஸ்டிக்கும் மேலே வரலாம். இரண்டு பருவத்திலும் தனித்தனியாக எண்ணுங்கள்.

என்ன செய்வது

மூடக்கூடியதை மூடுங்கள், கவிழ்க்கக்கூடியதைக் கவிழ்த்துங்கள். துணியால் மூடினால் நடுவில் தொய்ந்து, ஓரத்தில் இடைவெளி விழும். கொசுவுக்கு அது போதும். ரப்பர் டியூபை வளையமாக வெட்டி இறுக்கிக் கட்டுங்கள். தேய்க்கும்போது நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்குத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிளீச்சையும் சலவைத் தூளையும் குழைத்து அந்தப் பட்டையில் பூசி, பத்து நிமிடம் விட்டுத் தேய்க்கும் முறையை ஹோண்டுராஸில் வீட்டுப் பெண்களோடு சேர்ந்து பயன்படுத்தினார்கள். முட்டை ஓட்டை அது சிதைக்கிறது. இதில் அமிலம் எதையும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். வாரம் ஒருமுறை செய்ய வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான் ஆகிறது.

மூடவும் கழுவவும் முடியாததற்குத்தான் மருந்து. டெமிஃபாஸ், அதாவது நம் ஊரில் அபேட் மருந்து, லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவில் போட வேண்டும். குடிநீரிலும் இந்த அளவைத் தாண்டாமல் பயன்படுத்தலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 1 சதவீத மணல் குருணையாக இருந்தால் 10 லிட்டருக்கு 1 கிராம். 200 லிட்டர் டிரம்முக்கு 20 கிராம். குருணையைச் சின்னத் துணி முடிச்சில் கட்டித் தொங்கவிட்டால், தண்ணீரை மொண்டு ஊற்றும்போது அது வெளியே போகாது. 50 சதவீத திரவ மருந்தானால் 1 மில்லியில் 500 மில்லிகிராம் மருந்து இருக்கிறது, அது 500 லிட்டருக்கு. ஆகவே 20 மில்லி மருந்தை ஒரு லிட்டர் நீரில் கலந்து வைத்துக்கொண்டு, 10 லிட்டருக்கு 1 மில்லி வீதம் விடுங்கள். 200 லிட்டர் டிரம்முக்கு 20 மில்லி. திரவத்தைக் குடிக்காத தண்ணீருக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. கையுறை போடுங்கள். மூடியால் அளந்து ஊற்றுவதை நிறுத்துங்கள். ஐந்து ரூபாய் சிரிஞ்சு போதும்.

தவறுவது எங்கே? தொட்டியின் கொள்ளளவை மதிப்பிடுவதில். நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1,000ஆல் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும், ஆனாலும் பலர் கண்ணளவில் சொல்வார்கள். 1,000 லிட்டர் தொட்டியை 400 என்று மதிப்பிட்டுக் குறைந்த மருந்து போடும்போது வீரியமுள்ள புழுக்கள் மட்டும் தப்பிப் பிழைத்து, மருந்துக்கு அசையாத தலைமுறை உருவாகும். ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் போட்டால் சரியான அளவிலும் இது நடக்கும். மாற்று மருந்து பிடிஐ (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ்) என்னும் பாக்டீரியா. புதுச்சேரியில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையமும் இதன் ஒரு வகையைப் பிரித்தெடுத்து வளர்த்திருக்கிறது. புழு அதைத் தின்றால்தான் சாகும். தின்னாத கூட்டுப்புழுவை அது ஒன்றும் செய்யாது. மருந்து போட்ட மறுநாள் கூட்டுப்புழு இருக்கிறதே என்று மருந்தைக் குறை சொல்லாதீர்கள். கூட்டுப்புழுவை வடிகட்டி எடுத்துவிட்டுப் போட்டிருக்க வேண்டும். பைரிபுராக்சிஃபென் போன்ற வளர்ச்சித் தடுப்பு மருந்து போட்ட தொட்டியில் புழு உயிரோடுதான் இருக்கும், கொசுவாக வெளிவராது. அங்கே புழுக் குறியீடு எடுத்தால் தோல்வி என்று காட்டும். கூட்டுப்புழுவைக் கொண்டுபோய் எத்தனை கொசுவாகிறது என்று பார்க்க வேண்டும்.

கிணறு, பெரிய தொட்டிகளுக்குக் கப்பி மீன் நல்லது. குளோரின் அதிகம் போட்ட தண்ணீரில் விட்டால் செத்து மிதக்கும், அவ்வளவுதான்.

புகையைப் பற்றி

புகை மருந்து பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். கூட்டுப்புழு உள்ள தொட்டியை விட்டுவிட்டுப் புகையடித்தால் நாளை புதுக் கொசு வரும். தவிரவும் ஏடிஸ் கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னும் தங்கும். கதவு சாத்திய தெருவில் வண்டியில் புகை விட்டுப் போவது கண்துடைப்பு. நோயாளி இருக்கும் வீட்டிலும் சுற்றுப்பட்ட வீடுகளிலும் உள்ளே தெளிக்க வேண்டும்: 2 சதவீத பைரீத்ரம் சாறு ஒரு பங்குக்கு மண்ணெண்ணெய் 19 பங்கு. அடுப்பையும் விளக்கையும் அணைத்து, உணவையும் தண்ணீரையும் மூடி, ஆட்களையும் மீன்தொட்டியையும் வெளியேற்றி, கதவு சன்னல்களை அடைத்துச் சிறிது நேரம் விட்டுத் திறவுங்கள். ஏழு முதல் பத்து நாளில் மறுபடியும்.

இரவில் கொசு பிடுங்குகிறது என்று மக்கள் புகையடிக்கச் சொன்னால் அது அநேகமாகச் சாக்கடை க்யூலெக்ஸ். ஏடிஸ் பகலில் கடிப்பது, காலையிலும் சாயங்காலத்துக்கு முன்னும் அதிகம். நோயாளியின் வீட்டைச் சுற்றி மட்டும் தேடுவதும் தவறு. கடித்ததிலிருந்து காய்ச்சல் வர பெரும்பாலும் 4 முதல் 10 நாள் ஆகும். அந்த நாட்களில் பகல் பொழுதை அவர் எங்கே கழித்தார் என்று கேளுங்கள். பள்ளிப் பிள்ளைக்கு அது வகுப்பறையாக இருக்கலாம்.

பலன் கிடைத்ததா என்று அறிய

வேலைக்கு முன்னும் பின்னும் எண்ணினால் மட்டும் போதாது. மழை நின்றதாலும் கொசு குறையும். ஒன்றுமே செய்யாத, ஒத்த தன்மையுள்ள இன்னொரு பகுதியிலும் அதே நாட்களில் எண்ண வேண்டும். உங்கள் பகுதியில் கூட்டுப்புழு 40லிருந்து 10க்கு இறங்கியது. ஒப்பீட்டுப் பகுதியில் 30லிருந்து 15க்கு. ஒப்பீட்டின் முன்எண்ணை உங்கள் முன்எண்ணால் வகுங்கள்: 0.75. உங்கள் பின்எண்ணை ஒப்பீட்டின் பின்எண்ணால் வகுங்கள்: 0.67. பெருக்கினால் 0.5. அதாவது உங்கள் வேலையால் குறைந்தது 50 சதவீதம்தான், 75 அல்ல. முல்லா சூத்திரம் என்று இதற்குப் பெயர். வித்தியாசமான 25ஐ வானம் செய்தது. முன்னும் பின்னும் எண்ணுபவர்கள் ஒரே ஆட்களாக இருப்பதும், எது வேலை நடந்த பகுதி என்று அவர்களுக்குத் தெரியாமல் இருப்பதும் நல்லது.

கொசு மிகக் குறைந்துவிட்ட பகுதியில் புழுக் கணக்கெடுப்பு பூஜ்யத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அங்கே முட்டைப் பொறி வையுங்கள். அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பிடிக்கும் கறுப்புக் கோப்பை, மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் மழைநீர் வழிய ஒரு துளை, உள்ளே ஒரு வாரம் வைக்கோல் ஊறிய நீர் ஒரு பங்குக்குச் சாதா நீர் ஒன்பது பங்கு, சொரசொரப்பான பக்கம் தெரியும்படி சாய்த்து வைத்த ஹார்ட்போர்டு பட்டை. நிழலில், தரையை ஒட்டி. ஐந்து நாளுக்கு ஒருமுறை பட்டையை எடுத்து நிழலில் காயவைத்து லென்ஸில் முட்டை எண்ணுங்கள். இனம் அறிய வேண்டுமானால் கொதிக்கவைத்து ஆறிய நீரில் பட்டையை மூழ்கடியுங்கள். காற்று குறைந்த நீரில் ஏடிஸ் முட்டை விரைவாகப் பொரிக்கும். பொறிகளுக்கு எண் போட்டு, வைத்த இடத்தை வரைபடத்தில் குறித்து, வைத்தவரே எடுக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்கு மேல் மறந்து விடப்பட்ட பொறியும் கொசு வளர்க்கும் கலன்தான். அடுத்த கணக்கெடுப்பில் அதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டிவரும்.